விலை உயர்ந்த கைரோ போட்டால் கேமரா நடுக்கம் நிற்குமா?

ஓடும் வண்டியின் கூரையில் ஜூம் கேமரா, அதைத் தாங்கித் திருப்பும் இரண்டு அச்சு கிம்பல் (சுழல் தாங்கி), திரும்பும் வேகத்தை அளக்கும் சிப் வடிவ மெம்ஸ் கைரோ. படம் நடுங்குகிறது, ஒளியிழைச் சுருளில் ஒளியை ஓடவிட்டு அளக்கும், விலை உயர்ந்த ஃபைபர் ஆப்டிக் கைரோவுக்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் ஆகாது. அந்தக் காசை முதலில் பேலன்ஸிலும் பேரிங்கிலும் போடுங்கள் என்பேன்.

எடைமையம் அச்சிலேயே இருந்து, உராய்வும் இல்லாவிட்டால், அடியில் வண்டி எப்படித் திரும்பினாலும் கேமரா பார்த்த திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். நியூட்டனின் முதல் விதி இலவசமாகத் தரும் நிலைப்பு அது. அதைக் கெடுப்பவை பேரிங் உராய்வு, கேபிளின் விறைப்பு, விலகிய எடைமையம். கடைசியானது மோசம்: வண்டி திரும்பவே வேண்டாம், மேலும் கீழும் குதித்தாலே கேமராவைத் திருப்பிவிடும். கேமரா திரும்பத் தொடங்கிய பிறகுதான் கைரோவுக்கே சேதி தெரியும். அதனால் கைரோ சொல்வதை வைத்து மோட்டாரால் திருத்தும் கன்ட்ரோல் லூப், பிழையைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது. நகர்வைவிடத் திரும்பலுக்கே பயப்பட வேண்டும்: கேமரா பக்கவாட்டில் 1 செ.மீ. நகர்ந்தால் 1 கி.மீ. தொலைவிலும் அதே 1 செ.மீ.தான். 1 மில்லிரேடியன் திரும்பினாலோ அங்கே 1 மீட்டர் தள்ளிப்போகும்.

படத்தைக் கவனித்துப் பாருங்கள். மெதுவாக ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டே போனால் அது கைரோவின் டிரிஃப்ட், அதாவது அளவீடு கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போவது. நல்ல ஃபைபர் கைரோ அங்கே உதவும். படபடவென்று நடுங்கினால் சந்தேகம் இயந்திர பாகங்கள் மீதும் லூப் மீதும்தான் விழ வேண்டும்.

கைரோ எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். கேமராவோடு சேர்ந்து திரும்பும் பகுதியில் இருக்க வேண்டும். அடித்தட்டில் வைத்து என்கோடர் (அச்சின் கோணத்தை அளக்கும் கருவி) தரும் கோணத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், கியர் தளர்வும் சட்டத்தின் வளைவும் பிழையாக உள்ளே வந்துவிடும்.

பலர் மறக்கும் இன்னொன்று தாமதம். மலிவான மெம்ஸ் சிப்களில் உள்ளேயே வேக அதிர்வுகளை வடிகட்டும் ஒரு லோ-பாஸ் ஃபில்டர் இருக்கும். அது 5 மில்லிசெகண்ட் தாமதம் சேர்த்தால், 20 ஹெர்ட்ஸ் அதிர்வில் 36 டிகிரி ஃபேஸ் போய்விடும், அதாவது லூப்பின் திருத்தம் அலைச் சுற்றில் பத்தில் ஒரு பங்கு பிந்திவிடும். பிறகு கெயினை (லூப் எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவை) ஏற்றினால் லூப் அலைபாயத்தான் செய்யும். ஃபில்டரை உயர்ந்த அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பார்க்க ஒரு பைசா செலவில்லை. மாற்றியும் கெயின் ஏற்றும்போது கிம்பல் ரீங்காரமிட்டால் சட்டம் ஒத்ததிர்கிறது என்று பொருள். அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடலாம். ஆனால் ஜூம் லென்ஸ் நகரும்போது அந்த அதிர்வெண்ணும் நகரக்கூடும். சட்டத்தை விறைப்பாக்குவதே எனக்குப் பிடித்த வழி.

போயிங் 747 விமானத்தில் 2.5 மீட்டர் தொலைநோக்கியைச் சுமந்து 2022 வரை பறந்த சோஃபியா என்ற வானியல் ஆய்வகத்தில் ஃபைபர் ஆப்டிக் கைரோக்கள் இருந்தன. ஆனால் தொலைநோக்கி உட்கார்ந்திருந்தது, எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் 1.2 மீட்டர் கோளப் பேரிங்கில். உராய்வை ஒழிக்க அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள்!

லூப்பால் எட்ட முடியாத வேக அதிர்வுகளை லென்ஸுக்குள் நகரும் ஒரு சிறு லென்ஸ் துண்டுக்கு விடலாம். கேனான் 1995-லேயே 75-300 எம்எம் லென்ஸில் அதைச் செய்தது. முழு கிம்பலைவிட இலேசான ஒரு லென்ஸ் துண்டைச் சட்டென்று நகர்த்துவது எளிது.

பேலன்ஸைச் சோதிக்க, மின்சாரத்தை அணைத்துவிட்டு கேமரா சாய்கிறதா என்று பார்ப்பார்கள். நம்பாதீர்கள், உராய்வே அதைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். மோட்டாரை இயக்கி, எலிவேஷன் அச்சை (கேமராவை மேல்கீழாகச் சாய்ப்பது) மெதுவாக மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை ஓட்டி மின்னோட்டத்தைப் பதிவு செய்யுங்கள். கோணத்தோடு சைன் அலைபோல் மாறும் பகுதி எடைமையக் கோளாறு. திசை மாறும்போது குறி மாறும் பகுதி உராய்வு.