பத்து வயதுப் பையனுக்குக் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்க எந்த பிஸ்டல் வாங்கலாம்?

பையனுக்குப் பத்து வயது, பாயிண்ட் 22 வாங்கலாமா, ஏர் பிஸ்டலே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏர் பிஸ்டல்தான், அது காற்றழுத்தத்தில் குண்டைத் தள்ளுவது. பாயிண்ட் 22 தோட்டா வெடிக்கிற துப்பாக்கி. அதற்கு லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸ் எடுக்க 21 வயது ஆக வேண்டும். ஏர் பிஸ்டலில் 4.5 மி.மீ. குழல், குண்டு பாயும் சக்தி 20 ஜூலுக்குள் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. இதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டுத் துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். வாங்கப் போகும்போது பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

நாங்கள் பாளையங்கோட்டை. குற்றாலம் சீசனுக்குப் போனால் அருவியைவிட பலூன் சுடுகிற கடைதான் அவளுக்குப் பெரிது. பாரிஸ் பதக்கத்தை டிவியில் பார்த்ததும், "அப்பா, நானும் சுடணும்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் போட்டிக்கு வைத்திருந்த பிஸ்டலை விற்கிறார் என்று கேள்விப்பட்டு அன்றைக்கே வாங்கிவிட்டேன். நல்ல சாமான்தான், ஒரு கிலோவுக்குப் பக்கம் எடை. இந்தப் போட்டியில் ஒரே கையை நீட்டித்தான் சுட வேண்டும், மறு கையைக் கொடுக்கக் கூடாது. மூன்றாவது குண்டுக்கே அவள் மணிக்கட்டு இறங்கிவிடும். நான் பின்னால் நின்றுகொண்டு, "கையைத் தூக்கு ஏட்டி" என்று சத்தம் போடுவேன். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு நாள் ராத்திரி பார்த்தால், அடுப்படியில் தனியாக உட்கார்ந்து முழங்கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் அவள் பழகுகிற துப்பாக்கி கிளப் கோச்சிடம் சொன்னேன். அவர் அவளைப் பிஸ்டலைப் பிடிக்கச் சொல்லி, உள்ளங்கைக்கும் மரப்பிடிக்கும் நடுவில் தன் விரலை விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் தாராளமாக உள்ளே போனது. ஆள்காட்டி விரல் டிரிகரை எட்டுவதற்காகப் பிள்ளை மணிக்கட்டையே வளைத்துப் பிடித்திருக்கிறாள். "இது உங்க கைக்கு வாங்குனது அண்ணாச்சி, பிள்ளை கைக்கு இல்ல" என்றார்.

அப்புறம் கிளப்பிலேயே இருந்த, குழல் குட்டையான சின்ன பிஸ்டலைக் கொடுத்தார்கள். அதன் பிடியும் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது. அம்பாசமுத்திரத்தில் மரச்சொப்பு கடைகிற எங்கள் சொந்தக்காரர் ஒருவரிடம் பிடியை மட்டும் கழற்றிக் கொண்டுபோனேன். மரத்துக்குப் பட்டி பார்க்கிற பசையை அப்பி, அது ஈரமாக இருக்கும்போதே அவளைப் பிடிக்கச் சொல்லி, காய்ந்த பிறகு அரம் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். அவளுடைய ஐந்து விரல் பள்ளமும் அதில் இருக்கிறது. நீங்களும் செய்தால் கனம் 50 மி.மீ. தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போட்டியில் பெட்டிக்குள் வைத்து அளப்பார்கள்.

டிரிகரும் முக்கியம். போட்டி விதிப்படி அது குறைந்தது 500 கிராம் எடையைச் சுட்டுவிடாமல் தாங்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை விரலில் மாட்டித் தூக்கிப் பாருங்கள், அவ்வளவுதான். விலை குறைந்த ஸ்பிரிங் பிஸ்டலில் டிரிகர் இதைவிடக் கடினமாக இருக்கும், சுட்டதும் உள்ளே ஸ்பிரிங் உதைக்கும், மடக்கி ஏற்றுவதற்கும் சின்னப் பிள்ளைக்கு வலு பத்தாது. காற்று அடைத்த சிலிண்டர் வைத்தது நல்லது. விலை அதிகம்தான், அதனால்தான் முதல் ஆறு மாதம் வாங்கவே வேண்டாம், கிளப் பிஸ்டல் போதும் என்கிறேன்.

"பிள்ளை கையில் துப்பாக்கியா?" என்று சிலர் வருவார்கள் என்று தெரியும். என் மகள் முதல் மூன்று வாரம் குண்டே போடாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்துக் கையை நீட்டி நின்றாள். பிஸ்டல் இரும்பு பீரோவில், குண்டு டப்பா வேறு இடத்தில், இரண்டு சாவியும் என்னிடம். மொட்டைமாடியில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. குண்டு ஈயம் என்பதால் கை கழுவாமல் முறுக்குகூடத் தொட மாட்டாள்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்கிற பிள்ளைக்கு, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியட் என்று வாரத்துக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள். இரண்டையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். மைதானத்தில் பாதி வேன் நிறுத்துகிற இடமாகிவிட்டது. போட்டிக்குப் போன இரண்டு நாளுக்கும் ஆப்சென்ட். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டால், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்கிறார்கள். வயிறு எரிகிறது.

சரி. உங்கள் பையன் இடக்கையா வலக்கையா என்று எழுதவில்லையே. மரப்பிடி இரண்டுக்கும் தனித்தனியாக வரும், அளவும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று உண்டு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, எந்தக் கை என்பதையும் இங்கே போடுங்கள். கோச்சிடம் கேட்டுச் சொல்கிறேன்.