எட்டுப் புள்ளி குறைவா? ஐரோப்பியச் சட்டப் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

மாணவர்கள், பெற்றோர், ஓய்வு பெற்ற வழக்கறிஞர் ஒருவர் என்று பலரிடமிருந்து கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஏழுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கோவையில் சட்டப் படிப்பில் கடைசி ஆண்டு படிக்கிறேன். எல்.எல்.எம். படிக்க ஐரோப்பா போக ஆசை. ஏஜென்ட் ஒருவர் ஒரு பல்கலைக்கழகத்தைக் காட்டி, "இது எல்ஃபா மெம்பர், இந்த டிகிரி ஐரோப்பா முழுக்கச் செல்லும்" என்கிறார். நம்பலாமா? (மாணவர், கோயம்புத்தூர்)

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மையாக இருக்கலாம். இரண்டாவது பாதி அவருடைய வியாபாரம்.

எல்ஃபா என்பது ஐரோப்பியச் சட்ட பீடங்களின் சங்கம். 1995இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் 80க்கும் மேற்பட்ட பீடங்கள் கூடித் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் பீடங்களும் இதில் உண்டு. டீன்களும் பேராசிரியர்களும் ஆண்டுக்கொரு முறை ஏதாவது ஓர் உறுப்புப் பீடத்தில் கூடுவார்கள். பாடத்திட்டம், தேர்வு முறை, மாணவர் பரிமாற்றம், தர மதிப்பீடு என்று பேசுவார்கள். சட்டக் கல்வியைத் தொடும் கொள்கை ஏதாவது வந்தால் கூடி ஓர் அறிக்கை விடுவார்கள். சட்டக் கல்விக்கென்று ஓர் ஆய்விதழும் சங்கத்தின் சார்பில் வருகிறது.

பட்டத்துக்கு முத்திரை குத்துவது இந்தச் சங்கத்தின் வேலையே இல்லை. அது அந்தந்த நாட்டு அரசும் தர மதிப்பீட்டு அமைப்பும் செய்வது. நம் ஊரில் ஒரு பள்ளியின் ஹெட்மாஸ்டர் தலைமையாசிரியர் சங்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அந்தப் பள்ளி மார்க் ஷீட்டுக்குக் கூடுதல் மதிப்பு வருமா? அந்தக் கணக்குதான் இதுவும்.

ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த எல்.எல்.எம். முடித்தால் அந்த நாட்டு நீதிமன்றத்தில் நிற்க முடியுமா?" பெரும்பாலான நாடுகளில் முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்கான ஓராண்டு எல்.எல்.எம். படிப்புக்கான பட்டம்தான், தொழிலுக்கான உரிமம் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு போனால் நல்ல படிப்பு. தெரியாமல் கடன் வாங்கிக்கொண்டு போய், இரண்டாவது மாதம் என்னிடம் வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எல்ஃபாவும் எல்சாவும் ஒன்றா? (மாணவி, திருச்சி)

இல்லை. ஓர் எழுத்து வித்தியாசத்தில் எல்லோரும் குழம்புகிறார்கள், விண்ணப்பக் கடிதத்தில்கூட மாற்றி எழுதுகிறார்கள். எல்ஃபா ஆசிரியர் பக்கம், எல்சா மாணவர் பக்கம், அதாவது ஐரோப்பியச் சட்ட மாணவர்களின் சங்கம். எல்சாவை 1981 மே மாதம் வியன்னாவில் ஆஸ்திரியா, ஹங்கேரி, போலந்து, மேற்கு ஜெர்மனி மாணவர்கள் சேர்ந்து தொடங்கினார்கள். கம்யூனிஸ்ட் கிழக்கையும் மேற்கையும் பிரித்த இரும்புத்திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் அந்த ஆண்டில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். வழக்கறிஞர் சங்கங்களுக்கு 1960இலிருந்தே தனியாக ஓர் ஐரோப்பியக் கூட்டமைப்பு இருக்கிறது. அதையும் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாற்பது வருடம் மதுரையில் சிவில் பார்த்தவன். இயற்பியல் பேராசிரியர்கள் கூடினால் புரிகிறது. பிரெஞ்சுச் சட்டம் வேறு, ஜெர்மன் சட்டம் வேறு, இங்கிலாந்துச் சட்டம் வேறு. இவர்கள் கூடி என்ன பேசுவார்கள்? (ஓய்வு பெற்ற வழக்கறிஞர், மதுரை)

ஐயா, கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் இது வேறு மாதிரி இருந்தது.

இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகம் தன் பிறந்த ஆண்டு 1088 என்று சொல்லிக்கொள்கிறது. அங்கே இர்னேரியஸ் என்ற சட்ட ஆசிரியரின் வழியில் வந்தவர்கள் பாடம் சொன்னது இத்தாலியச் சட்டம் இல்லை. ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமானியச் சட்டம். பாடம் நடந்தது லத்தீனில். ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த ஜெர்மானிய மாணவனும் ஸ்பெயினிலிருந்து வந்தவனும் ஒரே வரியை ஒரே மொழியில் படித்தார்கள். படித்ததை எந்த ஊருக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் போலோன்யாவில் அதிகாரம் மாணவர் கையில் இருந்தது. அவர்கள்தான் கூலி பேசி ஆசிரியரை அமர்த்தினார்கள். மணியடித்த பிறகு வந்தாலும் அபராதம், மணியடித்த பிறகு பாடத்தை இழுத்தாலும் அபராதம். வகுப்பில் ஐந்து பேர்கூடச் சேரவில்லை என்றால் ஆசிரியர் வராததாகவே கணக்கு. அதற்கும் அபராதம்! இதை எந்த டீன் கூட்டத்தில் சொன்னாலும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுகிறார்கள்.

பிறகு நாடுகள் தங்கள் சட்டத்தைத் தங்கள் மொழியில் தொகுக்க ஆரம்பித்தன. பிரான்ஸ் 1804, ஆஸ்திரியா 1811, ஜெர்மன் சிவில் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1900. அதோடு சட்டப் படிப்பு ஊரை விட்டு நகராத படிப்பாகிவிட்டது. இன்று மருத்துவம் படித்தவர் எல்லை தாண்டுவது எளிது, சட்டம் படித்தவர் தாண்டினால் பாதி அறிவைச் சுங்கச் சாவடியிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். இவர்கள் கூடிப் பேசுவது பெரும்பாலும் இந்தச் சிக்கலைத்தான். யாருடைய ஒப்பந்தச் சட்டம் உயர்ந்தது என்று சண்டை போடுவது இல்லை. 'உன் மாணவன் மூன்று ஆண்டில் என்ன கற்றான், அதை நான் எப்படி நம்புவது?' என்பதுதான் பேச்சு. எனக்குத் தெரிந்து இந்தச் சங்கத்தின் உண்மையான வேலையே இந்த நம்பிக்கையை உண்டாக்குவதுதான்.

வணக்கம். மகள் இங்கே ஜெர்மனியில் சட்டம் படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே வகுப்பில் முதல் பிள்ளை. இப்போது முதலாவது அரச பரீட்சையில் எட்டுப் புள்ளி என்கிறாள். எத்தனைக்கு என்று கேட்டால் பதினெட்டுக்கு. பாதிகூட இல்லை! அவளோ சந்தோஷமாக இருக்கிறாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவ்வளவு வருடம் படித்தும் பேச்சலர் பட்டமும் இல்லையாம். (ஒரு தாய், டோர்ட்முண்ட்)

அக்கா, முதலில் மகளுக்கு ஒரு வட்டிலப்பம் செய்து கொடுங்கள். எட்டு நல்ல புள்ளி.

ஜெர்மன் சட்டப் படிப்பில் 18 என்பது பேருக்கு இருக்கும் எண். 4 எடுத்தால் பாஸ். ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் 'திருப்திகரம்'. ஒன்பதைத் தொட்டால் 'முழுத் திருப்தி', அதற்குத் தனி மரியாதை உண்டு. நீதிபதி வேலையும் பெரிய சட்ட நிறுவனங்களும் பார்க்கிற கோடு அந்த ஒன்பதை ஒட்டித்தான் இருக்கும். 15, 16 எடுத்தவரை நேரில் கண்டால் கை கொடுத்துவிட்டு வர வேண்டும். ஊரில் நூற்றுக்குத் தொண்ணூறு பார்த்துப் பழகிய நமக்கு இது அநியாயமாகத்தான் தெரியும்.

அந்த எட்டு எப்படி வந்தது என்றும் பாருங்கள். மொத்தத்தில் 30 சதவீதம் பல்கலைக்கழகம் நடத்தும் சிறப்புப் பாடத்துக்கு. மீதி 70 சதவீதம் மாநிலம் நடத்தும் பரீட்சைக்கு. உங்கள் மாநிலத்தில் அது ஆறு எழுத்துத் தாள், ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம். சிவில் மூன்று, பொதுச் சட்டம் இரண்டு, குற்றவியல் ஒன்று. அப்புறம் வாய்மொழித் தேர்வு. எழுத்துத் தாளில் ஒரு கதையைக் கொடுத்து, இன்னாருக்கு இன்னாரிடம் என்ன உரிமை என்று படிப்படியாக எழுதச் சொல்வார்கள். மகளின் மேசையில் செங்கல் மாதிரி ஒரு சிவப்புக் கட்டு இருக்குமே, அதுதான் சட்டத் தொகுப்பு. சட்டம் திருந்தும்போதெல்லாம் புதுத் தாள்கள் கட்டாக வரும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கோர்க்க வேண்டும். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த மெல்லிய தாள்களோடு போராடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தாளை மாற்றிக் கோர்த்துவிட்டால் பரீட்சைக் கூடத்தில்தான் தெரியும்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகங்கள் இருந்தும், பரீட்சைக்கு முந்தைய ஒரு வருடம் ஏராளமான பிள்ளைகள் காசு கட்டித் தனியார் ட்யூஷனுக்குத்தான் போகிறார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிற பழக்கம் அது. ட்யூஷன் நம் ஊர் நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி பேச்சலர் விஷயம். 1999இல் 29 நாடுகள் அதே போலோன்யாவில் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. பட்டப் படிப்பை இரண்டு கட்டமாக்குவது, பேச்சலர் மூன்று ஆண்டு, மாஸ்டர் இரண்டு என்பது பல இடங்களில் வழக்கமாயிற்று. எல்லாப் பாடங்களுக்கும் ஒரே அளவுச் சட்டை. 2002இல் எல்ஃபா தன் அறிக்கையில், சட்டக் கல்விக்கென்று இருக்கும் தனித்தன்மையை இந்தப் பிரகடனம் போதிய அளவு கவனிக்கவில்லை என்று சொன்னது. நடந்ததும் அப்படித்தான். நெதர்லாந்து மாறிக்கொண்டது. ஜெர்மனி மருத்துவத்தையும் சட்டத்தையும் தொடவிடவில்லை. அங்கே நீதிபதி, அரசு வழக்கறிஞர், வழக்கறிஞர் எல்லோருக்கும் ஒரே தகுதி: முதல் அரச பரீட்சை, இரண்டு வருடப் பயிற்சி, இரண்டாவது அரச பரீட்சை. நாளைக்கு நீதிபதியாகப் போகிறவருக்கு நான்தான் பரீட்சை வைப்பேன் என்பது மாநிலத்தின் பிடிவாதம். இத்தாலி கதை இன்னும் வேடிக்கை. சட்டத்துக்கு மூன்று-இரண்டு முறையைக் கொண்டுவந்து, சரிப்படாமல் 2006இல் ஐந்தாண்டுத் தொடர்படிப்பாக மாற்றிவிட்டார்கள். போலோன்யா ஊரே போலோன்யா முறையை விட்டது!

ஜெர்மன் முறையில் ஒரு கொடுமை உண்டு. ஐந்து வருடம் படித்த பிள்ளை அரச பரீட்சையில் முற்றாகத் தவறினால் கையில் ஒரு பட்டமும் இல்லாமல் வெளியே வர வேண்டியிருந்தது. இதைச் சரிசெய்யத்தான் இப்போது பல இடங்களில் நடுவிலேயே எல்.எல்.பி. பட்டம் தர ஆரம்பித்திருக்கிறார்கள். ரொம்பத் தாமதம் என்பது என் அபிப்பிராயம். மகளின் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் அந்தச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

பாரிஸில் சட்டம் மூன்றாம் ஆண்டு. இராஸ்முஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் இத்தாலிக்கு ஒரு வருடம் போகிறேன். அங்கே முப்பதுக்கு மதிப்பெண், இங்கே இருபதுக்கு. இதை எப்படி மாற்றுவார்கள்? (மாணவர், பாரிஸ்)

படிப்பின் அளவைக் காட்டும் கிரெடிட் சுலபம்: ஒரு வருடத்துக்கு 60, எங்கும் அதே. போவதற்கு முன்பே உங்கள் பீடம் கையெழுத்துப் போட்ட பாட ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். அங்கே போய்ப் பாடத்தை மாற்றினால், அன்றே மின்னஞ்சலில் சம்மதம் வாங்குங்கள். 'வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொன்ன ஓர் ஒருங்கிணைப்பாளரை நம்பி ஆறு கிரெடிட் இழந்த மாணவரை எனக்குத் தெரியும்.

மதிப்பெண்தான் தகராறு. இத்தாலியில் 18 என்றால் பாஸ், 30 உச்சம், அதற்கும் மேல் பாராட்டு ஒன்று உண்டு. நல்ல மாணவர்கள் சாதாரணமாக 27, 28 வாங்குவார்கள். பிரான்ஸில் சட்டத்துக்கு 20க்கு 14 கொடுத்தாலே பேராசிரியர் கைநடுங்குவார். இதை வெறும் வாய்ப்பாட்டில் போட்டு 28ஐ 18.7 ஆக்கினால், அங்கே போகாத உங்கள் நண்பர்கள் சும்மா விடமாட்டார்கள். அதனால்தான் பீடங்கள் தங்கள் மதிப்பெண் பரவலைப் பகிர்ந்துகொண்டு, வகுப்பில் நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள் என்று பார்த்து மாற்றச் சொல்கிறார்கள். எல்லா பீடமும் அப்படிச் செய்வதில்லை. உங்கள் பீடத்தின் மாற்று அட்டவணையைப் புறப்படும் முன் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அங்கே பரீட்சைகளில் பெரும்பாலானவை வாய்மொழி. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து, மற்ற மாணவர்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க, இருபது நிமிடம் பேச வேண்டும். உடனே மதிப்பெண் சொல்வார். பிடிக்கவில்லை என்றால் 'வேண்டாம், மறுபடி வருகிறேன்' என்று சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. பாரிஸில் அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டாம்.

போலந்தில் சட்டம் படித்துவிட்டு ஜெர்மனியில் வழக்கறிஞர் ஆக முடியுமா? (வாசகர், வார்சா)

முடியும், இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, போலந்திலேயே முழு வழக்கறிஞராகிவிட்டு வருவது. 1998ஆம் ஆண்டின் ஐரோப்பிய உத்தரவுப்படி உங்கள் போலந்து வழக்கறிஞர் பெயரோடே ஜெர்மனியில் பதிந்து தொழில் செய்யலாம். ஜெர்மன் சட்டத்தில் மூன்றாண்டு தொடர்ந்து உழைத்ததைக் காட்டினால் ஜெர்மன் வழக்கறிஞராகவே சேர்த்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, படிப்பு முடித்த கையோடு பயிற்சிக்கு நுழைவது. 2003இன் மோர்கன்பெஸர் வழக்கு இதற்குத்தான். பிரான்ஸில் சட்டம் படித்த ஒரு பெண், ஜெனோவாவில் பயிற்சி வழக்கறிஞராகப் பதியப் போனார். இத்தாலியப் பட்டம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகத்தைக் கேட்டால் இரண்டு வருடம் படி, 13 பரீட்சை எழுது, ஆய்வேடும் கொடு என்றது. ஐரோப்பிய நீதிமன்றம், பட்டம் எந்த நாட்டுடையது என்பதை மட்டும் வைத்து மறுக்கக் கூடாது, அவருக்கு என்ன தெரியும் என்பதை மொத்தமாகப் பார்க்க வேண்டும் என்றது. ஆனால் 2009இல் உங்களைப் போலவே போலந்தில் படித்த ஒருவர் ஜெர்மனியில் தொடுத்த பெஷ்லா வழக்கில், ஒப்பிடும்போது ஜெர்மனி தன் தரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டது. ஆகவே ஜெர்மன் சட்டத்தில் தேர்வு எழுதச் சொல்வார்கள், அது லேசான தேர்வு இல்லை. என்னைக் கேட்டால் முதல் வழி.

சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே. மகன் பெர்னில் எடுக்கும் பட்டத்துக்கு போலோன்யா முறை பொருந்துமா? மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி) என்று வேறு அலைகிறான், அது வீண் வேலையா? (ஒரு தந்தை, பெர்ன்)

பொருந்தும். போலோன்யா முறை ஒன்றியத்தோடு கட்டுப்பட்டதே இல்லை. சுவிஸ் சட்ட பீடங்கள் பேச்சலர், மாஸ்டர் என்று எப்போதோ மாறிவிட்டன. மாஸ்டர் முடித்து, குறைந்தது ஒரு வருடப் பயிற்சியும் முடித்து, கன்டோன் (சுவிஸ் மாநிலம்) நடத்தும் வழக்கறிஞர் பரீட்சையை எழுத வேண்டும்.

மூட் கோர்ட்டைத் தடுக்காதீர்கள் அண்ணா. ஐரோப்பியச் சட்ட மூட் கோர்ட் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் வாதாட வேண்டும். வாதி, பிரதிவாதி போக, அட்வகேட் ஜெனரலாகவோ (நீதிமன்றத்துக்குச் சுயேச்சையாகக் கருத்துச் சொல்பவர்) ஐரோப்பிய ஆணையத்தின் பிரதிநிதியாகவோ ஒருவர் நிற்க வேண்டும். இறுதிச் சுற்று லக்ஸம்பர்க்கில், ஐரோப்பிய நீதிமன்றத்திலேயே, அங்குள்ள நீதிபதிகள் முன்னால். வாக்கியத்தின் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள், எழுதி வைத்த தாளை மூடிவிட்டுப் பேச வேண்டும். மகன் இரவு பதினொரு மணிக்குக் கண்ணாடி முன்னால் நின்று பிரெஞ்சில் முணுமுணுத்தால் பயப்படாதீர்கள். எதிரே உட்கார்ந்து, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் நடுநடுவே நிறுத்தி "ஏன்?" என்று கேளுங்கள். அவனுக்குத் தேவை அதுதான்.