மேக்னடிக் ஷாக் அப்சார்பர் கசிந்தால்?

கேள்வி: என் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு மேக்னடிக் ஷாக் அப்சார்பர் கசிகிறது. சாதாரண ஆயில் ஊற்றிச் சரிசெய்யலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 2002-இல் கேடிலாக் செவில் எஸ்டிஎஸ் காரில் முதலில் வந்த இந்த வகையில், உள்ளே இருப்பது நுண்ணிய இரும்புத்துகள் கலந்த திரவம். பிஸ்டனில் உள்ள காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் துகள்கள் வரிசைகட்டி நிற்க, திரவம் கெட்டிப்பட்டு சஸ்பென்ஷன் இறுகும். சாதாரண ஆயில் காந்தத்துக்கு எங்கே மசியப்போகிறது? அதே வகைத் திரவத்தை நிரப்பி, சீலும் மாற்றித் தருபவர் கிடைத்தால் பழுதுபார்க்கலாம். இல்லாவிட்டால் புதிதுதான், அதுவும் ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து. விலை கேட்டால் தலைசுற்றும், தெரியும். சாதாரண ஷாக் அப்சார்பர் போட்டாலும் கார் ஓடும், ஆனால் எச்சரிக்கை விளக்கு எரியும், அதைத் தனியாகச் சரிக்கட்ட வேண்டிவரும். அப்புறம், வீல் அலைன்மென்ட்டை மறந்துவிடாதீர்கள்.