இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தம்: அம்மாவை எப்படி அழைத்துச் செல்வது?

கேள்வி: திருச்சியில் விமானம் இறங்கி, 68 வயது அம்மாவுடன் இராமேஸ்வரம் போகிறோம். முட்டி வலிக்காரர். ஒரே நாளில் முடியுமா?
– தோட்ட வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: இறங்கிய அன்றே வேண்டாம், சகோதரி. காரில் 4, 5 மணி நேரமாகும். நடை மதியம் சாத்திவிடுவார்கள். முதல் நாள் இரவே போய்த் தங்குங்கள். விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். அதற்குப் பிறகுதான் குளியல்: முதலில் கடலான அக்னி தீர்த்தம், அப்புறம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார்கள். இந்த வரிசையை மாற்றினால் சிக்கல். ஈரத் துணியோடு மூலவர் சன்னதிக்கு விடமாட்டார்கள். மாற்றுடை கட்டாயம்.

வழுக்கல்தான் பெரிய ஆபத்து. கல் தரை எப்போதும் நனைந்தே கிடக்கும், செருப்பும் கிடையாது. நனைந்த பருத்திச் சேலை கனத்துக் காலைத் தடுக்கும். அடர்நிறச் சுடிதார் நல்லது. ஒருவர் அம்மாவின் கையை விடவே கூடாது. முடியாவிட்டால் சில தீர்த்தங்களைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும், குறையொன்றுமில்லை. கைப்பேசியை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். இந்திய விசாவை இங்கேயே முன்கூட்டி எடுங்கள்.