அடிபட்ட காரைப் பழுது பார்த்து ஓட்டுவதா, கொடுத்துவிடுவதா? அண்ணாச்சி பதில்கள்

தச்சநல்லூரில் டிங்கரிங் பட்டறை வைத்து 27 வருஷம் ஆகிறது. அடிபட்டு வந்த வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணாச்சி, இதுக்குச் செலவு பண்ணலாமா?" பில் தொகையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அடி எங்கே விழுந்தது என்று குனிந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

நாங்குநேரி தாண்டி நாலுவழிச் சாலையில் ராத்திரி மாடு குறுக்கே வந்துவிட்டது, அண்ணாச்சி. முன்பக்கம் முழுக்க நொறுங்கிவிட்டது, ஏர்பேக் விரியவில்லை. வண்டிக்கு மூன்றரை வயது. ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 4,50,000, எஸ்டிமேட் 2,10,000. ஷோரூமில் "அப்படியே விடுங்க, எக்ஸ்சேஞ்சில் 2,20,000 போட்டுக்கிறோம்" என்கிறார்கள். கொடுத்துவிடவா?

அவசரப்பட வேண்டாம் தம்பி. முதலில் வண்டியின் எலும்பைப் பார்ப்போம். இப்போதைய சின்னக் கார்களுக்குத் தனியாக சேசிஸ் கிடையாது, பாடியேதான் சேசிஸ். பம்பர், பானெட், ஃபெண்டர், ஹெட்லைட், ரேடியேட்டர் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டினால் வண்டி பழையபடி ஆகிவிடும். என்ஜினுக்கு இரு பக்கமும் முன்னால் நீளும் இரும்புக் கால்கள் இரண்டு உண்டு. சேசிஸ் லெக் என்போம். அதை ஒட்டி மேலே இருப்பது ஏப்ரன். இவை மடங்கியிருந்தால் கதையே வேறு.

பட்டறைக்காரரை பானெட்டைக் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று அளக்கச் சொல்லுங்கள். வலது பானெட் கீல் போல்ட்டிலிருந்து இடது ஹெட்லைட் மூலைக்கு டேப் பிடித்து ஓர் அளவு. பிறகு இடது கீலிலிருந்து வலது மூலைக்கு ஓர் அளவு. இரண்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் பயமில்லை. ஒரு சென்டிமீட்டர் தள்ளியது என்றால், பாடியை நேராக்கும் பெஞ்சில் ஏற்றி இழுக்க வேண்டிய வண்டி அது. லெக்கில் இருக்கும் சீலண்ட் வெடித்திருக்கிறதா, பெயிண்ட் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இரும்பு மடங்கினால் மேலே பெயிண்ட் கட்டாயம் காட்டிக்கொடுக்கும்.

எலும்பு நன்றாக இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு இன்சூரன்ஸ் பாதிதான் தரும். இரும்பு பாகத்துக்கு உங்கள் வண்டி வயதில் 25 சதவீதம் கழிப்பார்கள். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயிண்ட் பில்லில் கால்வாசியை மெட்டீரியல் என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். உங்கள் 2,10,000-ல் பிளாஸ்டிக் 60,000, இரும்பு 50,000, பெயிண்டிங் 30,000, மீதி 70,000 லேபரும் கண்ணாடியும் என்று வையுங்கள். உங்கள் கையிலிருந்து போவது 30,000, 12,500, 3,750, அதோடு 1500 சிசி வரை எல்லாருக்கும் கட்டாயமாகப் பிடிக்கும் 1,000. ஆகமொத்தம் 47,250. இப்படி வயதுக்கும் பாகத்துக்கும் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுத்திருந்தால் அந்த ஆயிரமும் ஆயில், கிரீஸ் போன்ற சில்லறையும்தான்.

நன்றாகப் பழுது பார்த்த வண்டி, அடிபட்டது என்று சொல்லியே விற்றாலும் 4 லட்சத்துக்குப் போகும் என்றால், செலவு போக உங்களுக்கு மூன்றரை லட்சம் நிற்கும். ஷோரூம் சொல்வது 2,20,000. வித்தியாசத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் தரவேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்துத்தான் அந்த எக்ஸ்சேஞ்ச் நடக்கிறது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பிரித்துப் பார்த்த பிறகு எஸ்டிமேட் ஏறும், ஏறாத வண்டியை நான் பார்த்ததில்லை. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது பழுது பார்க்காமல் முழு நஷ்டமாகக் கணக்கு முடிப்பார்கள். உங்களுக்கு அந்தக் கோடு 3,37,500. அதனால் முழுக்கப் பிரித்து, இன்சூரன்ஸ் சர்வேயர் மறுபடி வந்து பார்த்த பிறகே பட்டறைக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

பம்பர் ஓரத்தில் விரிசல், 7,000 ஆகும் என்கிறார்கள். கிளெய்ம் போடலாமா?

வேண்டாம். பிளாஸ்டிக்குக் கழிவு, அந்த ஆயிரம் எல்லாம் போக கைக்கு 2,500 வந்தால் பெரிது. அதற்காக நோ கிளெய்ம் போனஸை இழப்பீர்கள். கிளெய்ம் இல்லாமல் ஐந்து வருஷம் ஓட்டியவருக்கு ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதம்) பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் அது பூஜ்யம்.

அம்பாசமுத்திரம் பக்கம். எனக்கு வயது 68. வண்டிக்கு 11 வயது, பனைமரத்தில் பக்கவாட்டில் மோதி நடுத் தூண் உள்ளே போய்விட்டது. ஐ.டி.வி. 1,40,000, எஸ்டிமேட் 1,60,000. டோட்டல் லாஸ் என்கிறார்கள். என் மகன் கல்யாணத்துக்கு வாங்கிய வண்டி, விட மனசில்லை. வெளிப் பட்டறையில் கொடுத்துத் தட்டி எடுத்துக்கொள்ளலாமா?

மன்னிக்க வேண்டும் ஐயா, விட்டுவிடுங்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும் அந்தத் தூண்தான் பக்கத்திலிருந்து அடி வரும்போது உங்கள் விலாவுக்கு முன்னால் நிற்பது. கேஸ் வைத்துச் சூடாக்கித் தட்டினால் பார்க்க நேராகிவிடும், கதவும் மூடும். ஆனால் இரும்பின் பதம் போயிருக்கும். அடுத்த தடவை அது தாங்காது. அந்த வண்டியில் பேரன் பேத்தியை ஏற்றுவீர்கள் இல்லையா?

பணக் கணக்கு இப்படி வரும். உடைசல் வண்டிக்கு வியாபாரிகளிடம் விலை கேட்பார்கள். 45,000 என்று வந்தால், அந்த 45,000-ஐயும் கட்டாயப் பிடித்தம் 1,000-ஐயும் கழித்து இன்சூரன்ஸ் 94,000 தரும். உடைசலை எடுப்பவர் 45,000 தருவார்.

இதைவிட முக்கியமான விஷயம் ஆர்.சி. உடைசலை எடுக்கிறவர் "ஆர்.சி. புக்கையும் சேர்த்துக் கொடுங்க, இன்னும் பத்தாயிரம் தாரேன்" என்று கேட்பார். கொடுத்துவிடாதீர்கள். எங்கோ திருடிய அதே மாடல் வண்டியில் உங்கள் சேசிஸ் நம்பரை ஏற்றி, உங்கள் பெயரிலேயே ஓட்டுகிற கூட்டம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆவது பிரிவுப்படி, ஓட்டவே முடியாமல் போன வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும். உடைசல் கைமாறும் முன்னால் சேசிஸ் நம்பரோடு போட்டோ எடுத்து, விற்றதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

லோன் 5,20,000 பாக்கி. டோட்டல் லாஸ் ஆகி ஐ.டி.வி. 4,60,000 வந்தால்?

பணம் முதலில் பேங்குக்குப் போகும். மீதி 60,000 உங்கள் தலையில். வண்டி இல்லை என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள், பேங்கில் போய்ப் பேசி முடியுங்கள். அடுத்து புது வண்டி எடுத்தால், டோட்டல் லாஸில் வாங்கிய விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸையும் பாலிசியில் சேர்த்துப் போடுங்கள். லோன் வண்டிக்கு அது கட்டாயம் என்பேன்.

தென்காசி ரோட்டில் ஆலங்குளம் பக்கம் லாரி பின்னால் இடித்துவிட்டது. மைத்துனருக்குக் காலில் அடி, கேஸ் ஆகியிருக்கிறது. பட்டறையில் "வண்டியை எடுத்துட்டு வாங்க, வேலையை ஆரம்பிப்போம்" என்கிறார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்க்கும் முன்னால் ஒரு போல்ட்டைக்கூடத் தொடக் கூடாது. அவர் பார்த்து ரிப்போர்ட் கொடுத்து, ஸ்டேஷனில் விடுவித்த பிறகே பட்டறை. அப்புறம், தப்பு லாரிக்காரர் மேல்தான் என்றாலும் வண்டிக்கு உங்கள் இன்சூரன்ஸிலேயே கிளெய்ம் போடுங்கள். லாரி இன்சூரன்ஸிடம் வாங்கத் தீர்ப்பாயம் போக வேண்டும், அது வருஷக்கணக்கில் இழுக்கும். மைத்துனர் காலுக்கான நஷ்டஈட்டை மட்டும் அங்கே கட்டாயம் கேளுங்கள்.

விபத்து வண்டியைக் கொடுத்துவிட்டு பழைய வண்டி ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். 2021 மாடல், விலை ரொம்பக் குறைவாக இருக்கிறது. அதுவும் அடிபட்ட வண்டியாக இருந்தால்?

நம்ம ஊரில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும், அடியும் வெள்ளமும். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பொங்கியபோது நெல்லையிலும் தூத்துக்குடிப் பக்கமும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவித் துடைத்து அவற்றில் பலவும் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவுங்கள். எப்போதும் உள்ளே சுருண்டு கிடக்கிற பகுதியில் வண்டல் கறை இருந்தால் அது தண்ணீர் குடித்த வண்டி. சீட் கம்பிக்கு அடியில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், இரண்டையும் பாருங்கள். அடிக்கு, கதவோரத்து ரப்பர் பீடிங்கை விரலால் உருவிப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வரிசையாக, ஒரே இடைவெளியில் வட்டமான சின்னக் குழிகளாகத் தெரியும். கைவேலை என்றால் வரிசை பிசகியிருக்கும், அல்லது பட்டி போட்டு மூடியிருக்கும். ஃபெண்டர் போல்ட் தலையில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. கண்ணாடிகளில் ஒன்றில் மட்டும் வருஷக் குறியீடு வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வாங்கினால் ஆர்.சி.யோடு நின்றுவிடாமல் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டுவிட்டு அடிபட்டபின் ஓன் டேமேஜ் கிடைக்காமல் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சேசிஸ் லெக் லேசாக மடங்கியதை நிமிர்த்தி ஓட்டுகிறேன். எக்ஸ்சேஞ்சில் விடும்போது சொல்லாமல் விட்டால் 60,000 கூடக் கிடைக்கும். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்யாதீர்கள் தம்பி. பட்டறை ஆரம்பித்த மூன்றாவது வருஷம், ஒருவர் சொன்னபடி மடங்கிய லெக்கை லேசாக நிமிர்த்தி, மேலே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். அவர் அதை விற்றுவிட்டார். எட்டு மாசம் கழித்து அதே வண்டி என் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தது வள்ளியூர்க்காரர், வாழை வியாபாரம். "புது டயர் போட்டு ஆறாயிரம் கிலோமீட்டர்தான் ஆச்சு, உள்பக்கம் மட்டும் கம்பி தெரியுது, என்னன்னு பாருங்க" என்றார். பின் சீட்டில் அவர் மகள் மடியில் கைக்குழந்தை. டயரின் உள்விளிம்பைத் தடவியபோது கம்பி விரலைக் கிழித்தது. லெக் சரியாக நிமிராததால் சக்கரம் சாய்ந்து ஓடி, டயரின் உள்பக்கத்தைத் தேய்த்திருக்கிறது. நாலுவழிச் சாலையில் நூறில் போகும்போது அது வெடித்திருந்தால்?

நான்தான் இந்த வேலையைச் செய்தேன் என்று அவரிடம் சொன்னேன். காசு வாங்காமல் பிரித்து, வேறு லெக் வைத்து, சக்கரக் கோண அளவுகளைக் காட்டும் அலைன்மென்ட் ஷீட்டோடு கொடுத்தேன். அன்றிலிருந்து எலும்பு மடங்கிய வண்டிக்கு மேல்பூச்சு வேலை எடுப்பதில்லை. வேலை செய்த பில்லையும் பிரித்தபோது எடுத்த போட்டோவையும் எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். அந்த 60,000-ஐ உங்கள் வண்டியை ஓட்டப்போகிற இன்னொரு குடும்பத்தின் தலையில் வைக்காதீர்கள்.

பாளையங்கோட்டை, அண்ணாச்சி. வண்டியை நல்லபடியாகப் பழுது பார்த்தாகிவிட்டது. ஆனால் எனக்கு அதில் ஏறவே கை கால் நடுங்குகிறது. வீட்டுக்காரர் "இதுக்காகவா விக்கிறது" என்கிறார்.

இதுவும் நியாயமான காரணம்தான் தங்கச்சி, வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆனால் இந்த மாசமே விற்காதீர்கள். முதலில் அலைன்மென்ட் ஷீட்டை வாங்கி, எல்லா அளவும் பச்சையில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறும் முன்னால், வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லி திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் கோயில் வரை நாற்பதில் போய்விட்டு வாருங்கள். அடுத்த வாரம் இன்னொரு தடவை. இரண்டு மூன்று தடவை போயும் நெஞ்சு அடித்துக்கொண்டால், பில்லையும் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக ஷோரூமுக்குப் போங்கள். என்ன விலை சொல்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள், கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.