அடைப்பு நீங்கிய பின்னும் இதயத் தசை சேதமடைவது ஏன்?

கேள்வி: அம்பாசமுத்திரம் அருகே விவசாயம் பார்க்கும் என் தந்தைக்கு (வயது 58) அதிகாலையில் நெஞ்சுவலி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜி பார்த்து, மாத்திரைகள் கொடுத்து, 108 ஆம்புலன்சில் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். மூன்று மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ஆனாலும் எக்கோவில் பம்பிங் 40 சதவீதம்தான் இருக்கிறது. இரத்தம் திரும்பப் பாய்ந்ததாலும் தசை கொஞ்சம் அடிபட்டிருக்கும் என்றார் மருத்துவர். அப்படியானால் அடைப்பை நீக்கியது தவறா? தசை தேறுமா?

பதில்: தவறே இல்லை. நீக்காமல் விட்டிருந்தால், அந்தக் குழாயை நம்பியிருந்த தசை உட்சுவரிலிருந்து வெளிச்சுவர் நோக்கி மணிக்கு மணி மடிந்துகொண்டே போயிருக்கும். ஆயினும் உங்கள் மருத்துவர் சொன்னதும் உண்மைதான்.

இரத்தம் நின்ற சில நிமிடங்களிலேயே, செல் ஆக்ஸிஜன் இன்றிச் சர்க்கரையைச் சிதைத்துச் சமாளிக்கத் தொடங்குவதால் உள்ளே அமிலம் சேர்கிறது. அதை வெளியே தள்ளச் சோடியத்தையும், மிகுந்த சோடியத்தை வெளியேற்றக் கால்சியத்தையும் செல் உள்ளே வாங்குகிறது. குழாய் திறந்ததும் வெளிப்புற அமிலம் சட்டெனக் கழுவப்படுவதால் இந்தக் கொடுக்கல் வாங்கல் வேகமெடுத்து, கால்சியம் அளவுக்கு மீறிச் சேர்கிறது. செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் திறக்கக்கூடிய ஒரு துளை உண்டு. அடைப்பு இருந்தவரை அதை மூடி வைத்திருந்தது அந்த அமிலமே. இரத்தம் பாய்ந்த முதல் சில நிமிடங்களில் அமிலம் அகன்றதும் துளை திறந்து, செல்லின் ஆற்றல் மூலமான ஏடிபியின் உற்பத்தி நின்று, அதுவரை பிழைத்திருந்த செல்களிலும் ஒரு பகுதி மடிகிறது.

இதைத் தடுக்கும் சமிக்ஞைகளும் செல்லுக்குள்ளேயே உள்ளன. அடினோசின் போன்ற பொருள்கள் செல்லின் ஏற்பிகளில் ஒட்டும்போது ஏகேடி, ஈஆர்கே என்னும் நொதிகள் தூண்டப்பட்டு, துளையைத் திறக்காதே என்ற செய்தி மைட்டோகாண்ட்ரியா வரை போய்ச் சேர்கிறது. குறுகிய அடைப்புகள் இந்தச் சமிக்ஞைகளை முன்கூட்டியே எழுப்பிவிடும். 1986-இல் நாய்களின் இதயக் குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்துவிட்டு, பிறகு 40 நிமிடம் அடைத்தபோது, சேதம் வழக்கத்தில் கால் பங்காகக் குறைந்தது. மாரடைப்புக்கு முந்தைய நாள்களில் விட்டுவிட்டு வரும் நெஞ்சுவலியும் சிலருக்கு இப்படிக் கொஞ்சம் காப்பளிப்பதுண்டு; அதற்காக அந்த வலியை வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துத் தள்ளிப்போடுவதை ஒருபோதும் ஏற்க முடியாது.

இந்தச் சமிக்ஞைகளை மருந்தாக மாற்றும் முயற்சி இதுவரை மனிதர்களிடம் பலிக்கவில்லை. துளையை மூடும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து 2015-இலும், கைப்பட்டையை இறுக்கித் தளர்த்திக் கையின் இரத்த ஓட்டத்தைச் சற்று நிறுத்தி விடும் முறை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த 2019 ஆய்விலும் பயன் தரவில்லை. ஆகவே இதயச் செல்லைப் புதுப்பிக்கும் என்று யாரேனும் விற்கும் மாத்திரைக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

தேறுமா என்றால், மடிந்த தசை தழும்பாகிவிடும், அது மீளாது. ஆனால் உயிரோடிருந்தும் அதிர்ச்சியில் இயங்க மறந்த தசையும் உண்டு. அது சில நாள்களிலோ வாரங்களிலோ மெல்ல மீளும் என்பதால், முதல் வார எக்கோவை இறுதிக் கணக்காகக் கொள்ளாமல், ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் மீண்டும் பாருங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. படுத்தால் மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ, மறு பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.