நூலகத்தில் ஊர் வரலாறு தேடுவது எப்படி?

கேள்வி: நான் வசிக்கும் ஊரின் வரலாற்றையும் பண்பாட்டையும் அறிய விரும்பிப் பொது நூலகத்தில் தேடியபோது ஒரே ஒரு நூல்தான் கிடைத்தது. அதிலும் ஆட்சியாளர்களின் பெயர்களே நிறைந்திருந்தன. சாதாரண மக்களின் வாழ்க்கையை எங்கே தேடுவது?

பதில்: வரலாறு என்று எண்ணி எழுதப்படாத தாள்களில் தேடுங்கள். பழைய தொலைபேசிக் கையேடு, வணிகர் விவரத் திரட்டு, பள்ளி ஆண்டு மலர், விழா அழைப்பிதழ், நாடகத் துண்டறிக்கை, தெரு வரைபடம் என, அன்றாடத் தேவைக்காக அச்சிடப்பட்டு, தூக்கியெறிய மனம் வராத ஏதோ ஒரு நூலகரால் காப்பாற்றப்பட்டவற்றில்தான் நீங்கள் தேடும் வாழ்க்கை இருக்கிறது. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம வகைப்பாட்டில் வரலாறும் புவியியலும் 900 எண் வரிசையில் வருவதால் பலர் அந்த அடுக்கோடு தேடலை முடித்துக்கொள்கிறார்கள். துண்டுத் தாள்களும் ஒளிப்படங்களும் பெரும்பாலும் தனிக் கோப்புகளில் இருக்கும். நூற்பட்டியலில் ஒவ்வொன்றாகப் பதிவாகியிருப்பதும் அரிது. ஆகவே, உள்ளூர்த் தொகுப்பு உண்டா என்று நூலகரிடமே கேளுங்கள். அப்போதும் பொதுவாக ஊர் வரலாறு வேண்டும் என்று கேட்காமல், ஒரு தெருவையோ மூடப்பட்ட ஆலையையோ குறிப்பிட்டு, ஏறத்தாழ எந்தப் பத்தாண்டு என்பதையும் சொல்லுங்கள்.

நாளிதழ்களைத் தவறவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மரக்கூழால் செய்யப்பட்ட செய்தித்தாள், தன்னிடமுள்ள அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்கிவிடும் என்பதால், பல நூலகங்கள் மூல இதழுக்குப் பதிலாக பக்கங்களை மிகச் சிறிதாகப் படம்பிடித்த மைக்ரோஃபிலிம் சுருளையோ கணினிப் பிரதியையோ தருகின்றன. கணினியில் சொல்லை இட்டு எதுவும் கிடைக்காவிட்டால் செய்தியே இல்லை என்று முடிவு செய்துவிட வேண்டாம். மங்கிய எழுத்துகளை இயந்திரம் தவறாகப் படிப்பதும், ஊர்ப்பெயர் அன்று வேறு விதமாக எழுதப்பட்டிருப்பதும் உண்டு. தேதியைக் கணித்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். தலையங்கத்தைக் காட்டிலும் விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் இரங்கல் குறிப்புகளும் ஊரை நெருங்கிக் காட்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவற்றிலும் விடுபட்டவர்கள் உண்டு. தொலைபேசி வைத்திருந்தவரின் பெயர்தான் தொலைபேசிக் கையேட்டில் இருக்கும். கூலித் தொழிலாளரையும் பெரும்பாலான பெண்களையும் அங்கே காண முடியாது. முதியவர்களின் நினைவுகளைப் பதிவுசெய்த ஒலிநாடாக்கள் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டியது இதனால்தான். பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் 2022இல் திருத்தி வெளியிட்ட பொது நூலக அறிக்கை, வாய்மொழி மரபு உள்ளிட்ட உள்ளூர் அறிவைக் காப்பதையும், எவற்றைக் காக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் ஊர்மக்கள் பங்கேற்பதையும் நூலகத்தின் பணிகளுள் வைக்கிறது. எனவே உங்கள் வீட்டுப் பழைய ஒளிப்படங்களின் பிரதிகளை நூலகம் ஏற்குமா என்றும் விசாரியுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதிக் கொடுங்கள்; பேனா மை நாளடைவில் படத்துக்குள் ஊறிவிடக்கூடும்.